யாரையும் அடிக்காத சண்டை மாஸ்டர்

கடவுள் படைத்த உயிர்களில் அடிக்கவும் தெரியாத, அடி வாங்கவும் தெரியாத, ஆனால் அடிதடியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஓர் இனம் உண்டு. இந்த இனத்துக்கு யாரும் இதுவரை பேர் வைக்கவில்லை. நாமே வைத்துக்கொள்வோம். சண்டைப்பட ஞானி.

ஞானியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். எந்தக் கடைக்குப் போனாலும் முதுகைச் சுவரோடு ஒட்டவைத்து வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். யாராவது வருவார்களாம். யார் வருவார்கள்? பில் கொண்டுவருகிறவர் வருவார். குடையை மடக்கிக் கையில் பிடித்தால் அது குடையாக இருக்காது. துண்டை உதறினால் ஒரு தரம் உதற மாட்டார். படாரென்று சத்தம் வரும் வரைக்கும் உதறுவார். கதவைக் கையால் சாத்த மாட்டார், குதிகாலால் சாத்துவார், சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். கதவு சரியாகச் சாத்தாமல் பாதியில் நிற்கும். எழுந்து போய்ச் சாத்துவது யார்? அவர் மனைவி.

இந்த இனத்தில் ஒருவரை மட்டும் பக்கத்தில் நின்று பார்ப்போம். பயப்பட வேண்டாம், ஒன்றும் செய்ய மாட்டார்.

இவர் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, மேஜை மேல் விரிக்கிற கண்ணாடி என்று பெரிய பெரிய தகடுகளாக மரச் சட்டங்களில் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். கேட்ட அளவுக்குக் கத்தியால் கோடு கீறி, அடியில் லேசாகத் தட்டி, மேஜை விளிம்பில் வைத்து ஒரே அழுத்தில் இரண்டாக எடுத்துக் கொடுப்பது இவர் வேலை. அதில் கெட்டிக்காரர், பொய் சொல்லக் கூடாது. ஒரே கோட்டை இன்னொரு தரம் கீற மாட்டார். ஆள் ஒல்லி. குரல் அதைவிட ஒல்லி. கடைக்கு முதலாளி இவர் மனைவியின் அண்ணன். தெருவில் எல்லாரும் இவரை 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கூப்பிட்டவர் கேலிக்குத்தான் கூப்பிட்டார். இவர் அதை மரியாதை என்று நினைத்து, நின்று, நிதானமாகத் தலை வணங்கினார். கேலி செய்தவர் என்ன பண்ணுவார்? அவரும் வணங்கிவிட்டுப் போனார். அன்றோடு அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

மாஸ்டர் வெளிநாட்டுச் சண்டைப் படம் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். விடுமுறை நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் சோபாவின் நடுவில் சம்மணம் போட்டு உட்காருவார். ரிமோட்டைப் பிடிக்கிற பிடியே வேறு. படத்தில் கதை ஓடுகிற நேரமெல்லாம் அவருக்குப் பல் குத்துகிற நேரம். கதாநாயகனின் அப்பாவைக் கொல்வார்கள், வீட்டைக் கொளுத்துவார்கள், காதலித்த பெண் கப்பலேறிப் போவாள், மாஸ்டர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

"அந்தப் பொண்ணு ஏங்க அழுவுது?" என்று மனைவி கேட்பார்.

"தெரியல. யாரோ செத்துட்டாங்க போல."

"யாரு?"

"அது எதுக்கு உனக்கு? இப்ப பாரு, மாடிப்படியில வருவாங்க. மாடிப்படிச் சண்டை ரொம்பக் கஷ்டம். சமதரையில எவன் வேணாலும் குதிப்பான்."

மாடிப்படிச் சண்டை வரும். பத்துப் பேர் உருளுவார்கள். முடிந்ததும் மாஸ்டர் படத்தை நிறுத்துவார். பின்னால் ஓட்டுவார். மறுபடியும் பத்துப் பேரும் உருண்ட படிகளில் எழுந்து மேலே ஏறி நின்றுகொண்டு, மறுபடியும் உருளுவார்கள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன பாத்தே?"

"அடிச்சாரு, விழுந்தாங்க."

"அவ்வளவுதானா?" மாஸ்டருக்கு மனசே உடைந்து போகும். "அடிச்சவனை ஏன் பாக்கிறே? விழுந்தவனைப் பாரு. அடிக்கிறவன் கை இன்னும் வந்து சேரல, அதுக்குள்ள இவன் தோளைத் திருப்பிட்டான் பாரு. அடிக்கிறது யார் வேணாலும் பண்ணலாம். அழகா அடி வாங்குறவன்தான் பெரிய ஆளு. அவன் பேரு கடைசியில பொடி எழுத்துல ஓடும். யாராவது படிக்கிறாங்களா?"

மாஸ்டர் படிப்பார். வாயைத் திறந்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். புரியாத ஊர்க்காரர்களின் புரியாத பேர்களை, ஓடி மறைவதற்குள் பாதி பாதியாகப் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தலையாட்டு வைப்பார். விழுந்தவர்களுக்கு மரியாதை செய்ய உலகத்தில் ஒருவராவது வேண்டாமா?

உண்மையைச் சொன்னால், மாஸ்டர் அந்தப் படங்களில் பார்ப்பது அடிதடியை அல்ல, ஒழுங்கை. நினைத்துப் பாருங்கள். பஸ்ஸில் ஏற வரிசை கிடையாது, மருந்துக் கடையில் வரிசை கிடையாது, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கினாலும் முன்னால் ஒருவர் புகுந்துவிடுகிறார். ஆனால் அந்தப் படங்களில் அடி வாங்குவதற்கு வரிசை உண்டு. நாற்பது முரடர்கள் சுற்றி நிற்பார்கள். ஒருவர் போய் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் அடுத்தவர் போவார். மற்றவர்கள் தங்கள் முறை வரும் வரை கையைக் காலை ஆட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பார்கள். முந்துகிறவன் இல்லை. தள்ளுகிறவன் இல்லை. இப்படி ஓர் உலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் மாஸ்டரின் முகம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் முகம் போலத் தெளிந்திருக்கும். அதைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் ஞானிகள் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. அங்கேதான் வீட்டில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை.

கதாநாயகன் மலையடிவாரத்திலிருந்து இரண்டு கையிலும் வாளி ஏந்தித் தண்ணீர் சுமந்தால், அந்த வாரம் முழுவதும் மாஸ்டர் பால் பாக்கெட்டுகளைக் கையை நீட்டியபடியே மாடிக்குக் கொண்டுவருவார். வழியில் எதிரே வருகிற பக்கத்து வீட்டு அம்மா சுவரோடு ஒதுங்கி நிற்பார். கிழட்டு குரு கண்ணைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டால், மாஸ்டர் விளக்குப் போடாமல் குளிக்கப் போவார். சோப்பு எங்கே என்று உள்ளே இருந்து குரல் வரும். ஒருநாள் சமையலறைக்கு வந்து, கையில் கரண்டியோடு நின்ற மனைவியிடம், "இது கத்தின்னு வச்சுக்க. என்னைக் குத்து," என்றார்.

"அடுப்புல குழம்பு கொதிக்குதுங்க."

"சும்மா குத்து. எங்க வேணா குத்து. நான் எப்படித் தடுக்கிறேன்னு பாரு."

மனைவி கரண்டியால் அவர் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நான் இன்னும் ரெடி சொல்லலையே," என்றார் மாஸ்டர், நெற்றியில் குழம்போடு.

இதெல்லாம் வீட்டோடு போனால் யாருக்கு நஷ்டம்? ஆனால் கடவுள் இவரைக் கொண்டுபோய் எங்கே வேலைக்கு வைத்திருக்கிறார் பாருங்கள். நாலு பக்கமும் முகம் பார்க்கும் கண்ணாடி. திரும்பின பக்கமெல்லாம் மாஸ்டர். ஒரு கையை உயர்த்தினால் பதினைந்து மாஸ்டர்கள் கையை உயர்த்துகிறார்கள். எந்த ஞானியால் சும்மா இருக்க முடியும்? ஆள் இல்லாத ஒரு மதிய வேளையில், முழுசாகச் சுழன்று உதைக்கிற உதை ஒன்றைக் கண்ணாடி முன்னால் மாஸ்டர் உதைத்துப் பார்த்தார். உதை சரியாகத்தான் போயிற்று. செருப்பு அதைவிடச் சரியாகப் போயிற்று. யாரோ கல்யாணத்துக்குக் கொடுப்பதற்காகச் செய்யச் சொல்லியிருந்த அலங்கார மேஜைக் கண்ணாடி, நடுவில் அடிபட்டு, சிலந்திவலை போல விரிந்து நின்றது. அதிலும் மாஸ்டர் தெரிந்தார், துண்டு துண்டாக.

கடை முதலாளியான மைத்துனர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"மாப்பிள்ளை, இந்தத் தொழில்ல கண்ணாடி உடையும். எனக்கும் உடைஞ்சிருக்கு. ஆனா உதைச்சு உடைச்ச ஆளை நான் பாத்ததில்ல," என்றார்.

"செருப்பு கொஞ்சம் லூசு மச்சான்."

"இன்னொரு கண்ணாடி உங்களால உடைஞ்சுதுன்னா, நீங்க வீட்டிலயே உக்காந்து நிம்மதியாப் படம் பாக்கலாம். என் தங்கச்சி முகத்துக்காக இந்தத் தடவை விடுறேன். அடுத்த தடவை அவ முகத்தை நான் பாக்க முடியாது, அவளும் என் முகத்தைப் பாக்க முடியாது. யோசிச்சுக்கோங்க."

இந்தப் பேச்சு மாஸ்டரை ஒன்றும் பண்ணவில்லை என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலம் மனைவியிடம் அதை வார்த்தை மாறாமல் சொன்னார். அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அவர் திட்டவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவர் மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தார். பெற்றவர்கள் இறந்த பிறகு அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த அண்ணன் ஒருவர்தான். அது மாஸ்டருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கடையில் அவர் கையைக் கட்டிக்கொண்டுதான் நடந்தார். பதினைந்து மாஸ்டர்களும் கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் சலூன்காரரின் கண்ணாடி வந்தது.

பக்கத்துத் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவர், கடையைப் புதுசாக மாற்றுகிறேன் என்று சுவர் நீளத்துக்கு ஒரே தகடாகக் கண்ணாடி வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒட்டுப் போடாத ஒரே தகடு. அதை எங்கிருந்தோ வரவழைத்து, விளிம்பெல்லாம் தேய்த்து, மூலைக்கு அட்டை கட்டி நிறுத்தியிருந்தார் மைத்துனர். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய நாளில், வேறு எங்கோ அளவெடுக்க அவரை வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தார்.

"வேன் வரும். சலூன்காரரும் வர்றேன்னிருக்காரு, ஒரு பக்கம் அவர் பிடிச்சுக்குவாரு. ஏத்தி விடுங்க, கூடவே போய் இறக்கி விடுங்க. அவ்வளவுதான் மாப்பிள்ளை. வேற எதுவும் பண்ணாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேற எதுவும் என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேன் வந்தது. ஆனால் கடைக்கு நேரே ஒரு கார் நின்றது. வேன்காரர் தலையை வெளியே நீட்டி, "நீங்க கொண்டு வாங்க மாஸ்டர், இந்தக் கார்க்காரரை வண்டிய எடுக்கச் சொல்றேன்," என்றார். அதை நம்பி மாஸ்டர் ஒரு முனையையும் சலூன்காரர் மறுமுனையையும் பிடித்து, கண்ணாடி தூக்கும் பட்டையைத் தோளில் மாட்டி, படி இறங்கி, நடைபாதைக்கு வந்துவிட்டார்கள்.

கண்ணாடி தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். இறங்கின படியில் அவ்வளவு பெரிய தகட்டோடு பின்னால் நடந்து ஏற முடியாது. அதுவும் மறுமுனையில் பழக்கமில்லாத ஆள். கீழே வைக்கலாம் என்றால் வெறும் சிமெண்டில் பட்டால் விளிம்பு பெயர்ந்துவிடும். ஆக, வேன் வந்து ஒட்டி நிற்கும் வரை தூக்கியபடியே நிற்க வேண்டும். கண்ணாடியின் முகம் தெருவைப் பார்த்தது. பின்பக்கத்தில் இவர்கள் இருவரும். சலூன்காரர் குள்ளம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியின் முதுகில் இருந்த பழுப்புப் பூச்சுதான். தெருவில் போகிறவர்களுக்கு ஒரு பெரிய கண்ணாடியும், அதற்குக் கீழே நாலு காலும், ஓரத்தில் மாஸ்டரின் தலையும் தெரிந்தன.

அப்போது கார்க்காரர் மருந்துக் கடையிலிருந்து ஒரு பையோடு வந்தார். ஐம்பது வயசுக்கு மேல். இருக்கிற கொஞ்சம் முடியை ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பாலம் போட்டுச் சீவியிருந்தார்.

"வண்டியை எடுங்க சார்," என்றார் வேன்காரர், ஹாரனை அழுத்தியபடி.

"எடுக்கத்தானே வர்றேன். அதுக்குள்ள என்ன ஹாரன் அடிக்கிறே?"

"கண்ணாடியத் தூக்கிட்டு ரெண்டு பேர் நிக்கிறாங்க. கண்ணு தெரியலையா?"

"எனக்குக் கண்ணு தெரியலைங்கிறியா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கிறேன்?"

"மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தான் கேட்டேன், கண்ணு தெரியலையான்னு."

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். வேன்காரர் இறங்கினார். கார்க்காரர் பையைத் தோளில் மாட்டினார். ஒருவர் கை இன்னொருவர் மார்பில் பட்டது. பட்ட கையைத் தட்டிவிட்டார்கள். தட்டிவிட்ட கை சட்டைக் காலரைப் பிடித்தது.

மாஸ்டர் பிறந்ததிலிருந்து காத்திருந்த நிமிஷம் அது. எத்தனை விடுமுறை நாள், எத்தனை மாடிப்படி, எத்தனை தரம் பின்னால் ஓட்டிப் பார்த்தது. இதோ, கண்ணெதிரே, பின்னால் ஓட்ட முடியாத நிஜச் சண்டை. மாஸ்டரின் இரண்டு கையிலும் கண்ணாடி. காலை நகர்த்தினால் மறுமுனை ஆடும். ஆகாயத்தில் இருக்கிறவருக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

"என்ன மாஸ்டர் சத்தம் அங்க?" சலூன்காரர் பழுப்புப் பூச்சைப் பார்த்தபடி கேட்டார்.

"சண்டை."

"ஐயையோ. யாரு ஜெயிக்கிறாங்க?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. சட்டையைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிக்கிறாங்க."

நிற்கவில்லை, சுற்றினார்கள். நிஜச் சண்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் உதையும் இல்லை, குத்தும் இல்லை. இரண்டு பெரிய மனுஷர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தைகள் மாதிரி ஒருவரை ஒருவர் விடாமல் சுற்றுவார்கள். அவ்வளவுதான். அப்படிச் சுற்றிச் சுற்றி இவர்கள் நடைபாதையில் ஏறினார்கள். வேன்காரரின் முதுகு கண்ணாடியைப் பார்த்து வந்தது. மருந்துப் பை ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே வீசி, கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து போயிற்று. பைக்குள் ஏதோ பாட்டில் கடகடவென்றது.

மாஸ்டருக்கு மனைவி துணியைப் பிரித்துப் பிரித்து மடித்தது கண்ணுக்குள் வந்தது. 'கண்ணாடி, கண்ணாடி' என்று கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை வருஷம் சோபாவில் பழகிய வாய், சண்டையைக் கண்டால் தனக்குத் தெரிந்ததைத்தானே பேசும்?

"வேன்காரத் தம்பி, காலு. காலைப் பாருங்க. ரெண்டு காலையும் சேத்து வச்சா விழுந்துடுவீங்க."

அவர்கள் காதில் விழவில்லை. பை மறுபடியும் வந்து போயிற்று.

"சட்டையைப் பிடிச்சு என்ன பிரயோஜனம்? பட்டன்தான் போகும். சார், நீங்க மூச்சை அடக்கி வச்சிருக்கீங்க. விடுங்க. மூச்சை விடுங்க சார், மயக்கம் வந்துடும்."

கார்க்காரர் தன்னையறியாமல் மூச்சை விட்டார். சுற்று கொஞ்சம் மெதுவாயிற்று.

"யாருய்யா அது?" என்றார் வேன்காரர், பிடித்த காலரை விடாமல்.

"நடுவில பேசக் கூடாது. பேசினா பிடி தளரும். முதல்ல நில்லுங்க. அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. ரெண்டு பேரும் எப்படி நிக்கிறீங்கன்னு கண்ணாடியில நீங்களே பாருங்க. இது ஒரு நிலையா?"

ஏமாற்றுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. கடவுள் சாட்சியாக, அவர்கள் நிலையைத் திருத்தத்தான் சொன்னார். இவ்வளவு மோசமான ஒரு சண்டையை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டு பேரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

சுவர் நீளக் கண்ணாடி. ஒட்டில்லாத ஒரே தகடு. மேலிருந்து கீழ் வரை எல்லாம் தெரிந்தது. கண்ணாடியைத் தொட்டுவிடும் தூரத்தில் வயிறு தெரிய சட்டை மேலேறிய ஒருவர். அவர் காலரைப் பிடித்துக்கொண்டு, காதோரப் பாலம் அறுந்து, முடியெல்லாம் ஒரே பக்கமாக நூல் நூலாகத் தோள் வரை தொங்கிய இன்னொருவர். படத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு கஷ்டம் கிடையாது. அவர்கள் தங்களைத் தாங்களே பார்ப்பதில்லை.

பிறகு கார்க்காரர் ஒரு கையை மெல்ல எடுத்து, தொங்கின முடியைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டார். அது நிற்கவில்லை. இரண்டாவது கையும் தேவைப்பட்டது. வேன்காரர் பிடித்திருந்த காலர் அதற்கு இடைஞ்சலாக இருந்ததால், அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

"முடிஞ்சுதா?"

"ஒரு நிமிஷம் இருப்பா."

"இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கு சார்."

"இங்கேயா?"

"இன்னும் பின்னால."

முடி படிந்தது. வேன்காரரும் சட்டையை இறக்கி விட்டுக்கொண்டார். இனி மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது? முதலில் காலரைப் பிடித்தது யார், என்ன வார்த்தைக்குப் பிடித்தார், ஒன்றும் சரியாக ஞாபகம் வரவில்லை. இரண்டு பேரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

"ம், இப்ப பிடிங்க. ஆனா இந்தத் தடவை சரியாப் பிடிங்க," என்றார் மாஸ்டர்.

கார்க்காரருக்குக் கோபம் வந்தது, மாஸ்டர் மேல். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்கு சார். கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இந்த மாதிரி ஒரு ஆளைப் பக்கத்தில வச்சுக்கிட்டு மனுஷன் எப்படிச் சண்டை போடறது?"

"அதைத்தான் சார் நானும் பாக்கிறேன்," என்றார் வேன்காரர். "நிம்மதியா ஒரு வார்த்தை பேச விட மாட்டேங்கிறாரு."

கார் போயிற்று. வேன் ஒட்டி நின்றது. கண்ணாடி ஏறிற்று, போயிற்று, இறங்கிற்று, சலூன் சுவரில் நின்றது. ஒரு கீறல் இல்லை. சலூன்காரர் அதற்குப் பிறகுதான் சண்டை கண்ணாடிக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து போனது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, தன் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர்தான் மைத்துனருக்குப் போன் பண்ணினார். மைத்துனர் தங்கச்சிக்குப் போன் பண்ணினார். "உன் புருஷன் கண்ணாடியைக் காப்பாத்திட்டாரு. எப்படின்னு மட்டும் என்னைக் கேக்காதே," என்றாராம்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டு முடித்திருந்தார்.

"பயமா இல்லையாங்க உங்களுக்கு?"

"எனக்கா?" மாஸ்டர் சோபாவில் உட்கார்ந்தார். "என் கையில கண்ணாடி இருந்துச்சு. அதனால அவங்க தப்பிச்சாங்க."

இந்த இனம் எந்தக் காலத்திலும் இப்படித்தான் பேசும், விட்டுவிடுங்கள். வாங்கின டம்ளரிலிருந்து காப்பி தளும்பிச் சட்டையில் சிந்துவதை அந்த அம்மா பார்த்தார். டம்ளரைத் திரும்ப வாங்கிப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தார்.

பாதிக் காப்பி உள்ளே போனதும் மாஸ்டருக்குத் தெம்பு வந்தது. நடந்ததைக் காட்ட வேண்டும். "வா, இங்க நில்லு. நீதான் வேன்காரன். என் காலரைப் பிடி. இப்படித்தான் பிடிச்சான். இப்ப அந்தக் கார்க்காரர் என்ன பண்ணியிருக்கணும்? மணிக்கட்டைப் பிடிச்சு வெளிப்பக்கமாத் திருப்பியிருக்கணும். கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்."

மனைவி பிடித்த காலரை விடாமல் கொஞ்சம் யோசித்தார். "வெளிப்பக்கம் திருப்பினா இந்தக் கைதான் விடும். என் இன்னொரு கை சும்மா இருக்குமா? உள்பக்கம்தாங்க திருப்பணும். அப்பதான் நானே சாய்ஞ்சு வருவேன்."

மாஸ்டர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். "உனக்கு யாரு சொன்னா?"

"இத்தனை வருஷமா ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டா, நான் வேற எதைப் பாக்கிறது?"

"உள்பக்கம் தப்பு. முழங்கை மாட்டிக்கும்."

"மாட்டாது. வேணா பிடிச்சுப் பாருங்க."

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மைத்துனர் வந்தார். வாசலில் நின்று, மாஸ்டரின் காலர் தன் தங்கச்சியின் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"இங்கேயும் சண்டையா? கண்ணாடிதான் போய்ச் சேந்துடுச்சே."

"நீயே சொல்லுண்ணே. ஒருத்தன் காலரைப் பிடிச்சா மணிக்கட்டை எந்தப் பக்கம் திருப்பணும்? இவர் வெளிப்பக்கம்கிறாரு."

மைத்துனர் செருப்பைக் கழற்றினார். சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார். மாப்பிள்ளையிடம், இனிமேல் பெரிய கண்ணாடி எது போனாலும் கூடப் போக வேண்டியது நீங்கள்தான் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அதைப் பிறகு சொன்னார். முதலில் வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"ரெண்டும் இல்ல," என்றார், சட்டைக் கையை மடித்தபடி. "கீழ்ப்பக்கம் அமுக்கணும். தள்ளுங்க, காட்டுறேன்."

அவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவோம். விடியும் வரை முடியாது.

நீங்கள் நல்லவர். சிரித்துவிட்டு, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். புரட்டுங்கள். வெளிப்பக்கமா, உள்பக்கமா, கீழ்ப்பக்கமா என்று நான் உங்களைக் கேட்கப் போவதில்லை. உங்கள் மனசில் ஒரு பதில் வந்துவிட்டதே, அது எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் யாராவது பார்ப்பதற்கு முன்னால், உங்கள் காலரை விட்டுவிடுங்கள்.